பானெட்டில் தெரிந்த மலை

இல்லீங்க சார், மன்னிக்கணும், மொதல்ல அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்குங்க. என் கறுப்பு கார் எங்கன்னு கேட்டீங்க பாருங்க, அந்த வார்த்தை. உலகத்துல கறுப்பு கார்னு ஒண்ணு கெடையாது. இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்லை. நீங்களும் பாத்ததில்லை. தொண்ணூத்தஞ்சுல வாங்கினேன், நாலு வருஷமா வெச்சிருக்கேன்னு சொல்றீங்க, சரி, வெச்சிருக்கீங்க. பாத்ததில்லை. நீங்க பாத்ததெல்லாம் தூசி. தூசிக்கு நெறம் உண்டு. அப்பறம் வெயில்ல சிலந்தி வலை மாதிரி மின்னுமே கோடு, அதுக்கு நெறம் உண்டு. இது ரெண்டையும் எடுத்துட்டா அப்பால என்னா மிச்சம்? எதிர்ல என்னா இருக்குதோ அதுதான். மாமரம் இருந்தா மாமரம், மாடு இருந்தா மாடு. வெள்ளைக் காரு வெள்ளையாத்தான் இருக்கும். செவப்புக் காரு செவப்பாத்தான் இருக்கும். கறுப்புக் காரு மட்டும் தன்னோடதுன்னு எதையும் வெச்சிக்காது. இதை மனசுல வாங்கிக்கிட்டீங்கன்னா நான் சொல்லப் போறது மொத்தமும் வெளங்கிடும்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு காலு கம்மி. இதுல உக்காருங்க. கீழ்பென்னாத்தூர்லேருந்து பஸ்ஸா? பௌர்ணமிக்கு பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடறாங்களே, அங்கேருந்து செங்கம் ரோடு வரைக்கும் நடையா? அடடா, அதான் வேர்த்து ஊத்துது. அப்பாசாமி அண்ணே, ரெண்டு டீ. ஒண்ணு சக்கரை கம்மியா. அவர் கடை பக்கத்துலயே இருக்கறது ஒரு வசதி. கத்தினாப் போதும்.

சார், சார், துணியைத் தொடாதீங்க. தயவு பண்ணி. மெழுகு காஞ்சிட்டிருக்கு. காயற நேரத்துல ஒரு வெரலு பட்டா அந்த வெரலு மெழுகுல அப்படியே நின்னுடும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதைத்தான் மொதல்ல பாப்பாங்க. என்னா? உருண்டையாத் தெரியுதா? துணி போத்தினா எல்லாக் காரும் உருண்டையாத்தாங்க தெரியும். மனுசனுங்களும் அப்படித்தான்.

தெரியுங்க, மறப்பனா. நாளைக்கு சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்பு. நாளன்னிக்கு காலையில உங்க பொண்ணு வினோதினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பென்ஸ் கார்லதான் ஊர்வலம் வருவாருன்னு சம்பந்தி வீட்டுக்கு வாக்கு குடுத்திருக்கீங்க. வண்டியை விட்ட அன்னிக்கே சொன்னீங்க. அப்பறம் அப்பாசாமி கடைக்கு போன் பண்ணப்பல்லாம் சொன்னீங்க. அவருக்கே மனப்பாடம். உங்களுக்கு நாளைக்கு மாப்பிள்ளை அழைப்புன்னா எனக்கு திங்கக்கிழமை ஜேசிபி. ஒரே வாரத்துல ரெண்டு பேருக்கும் விசேஷம்.

ஜேசிபின்னா இந்த ஷெட்டை இடிக்கங்க. எடம் என்னுது இல்லை. மாமனாரோடது, ராஜமாணிக்கம்னு பேரு. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்களுக்கு ரூம் கட்டி விடலாம்னு ஒரு பார்ட்டி அவரைச் சுத்திக்கிட்டே இருக்குது. மூணு மாடி, மேல மொட்டை மாடியில மலையைப் பாத்தமாதிரி நாற்காலி. காருக்கு பவுடர் போடற பொழைப்பை விட்டுட்டு லாட்ஜ்ல கல்லாவுல உக்காருன்னு எனக்கு உத்தரவு. நான் ஏழு வருஷம் ஷார்ஜாவுல ஒரு ஷேக்கோட வண்டிங்களுக்கு பாலீஷ் போட்டு வந்தவன். அவர் கண்ணுக்கு அது பவுடர். ரேணுகாம்பாள், என் சம்சாரம், அவ கூட மொதல்ல கேட்டா, துணி வெச்சித் துடைக்கறதுக்கா கடல் தாண்டிப் போன, இங்கயே தாலுக்கா ஆபீஸ் ஜீப்பைத் துடைச்சிருக்கலாமேன்னு.

இன்னொரு கஷ்டம், போர்டு. வாசல்ல பாத்திருப்பீங்க. மண்ணாங்கட்டி கார் பாலீஷ், ஷார்ஜா ரிட்டர்ன். நெஜப் பேருதாங்க. எனக்கு முன்னாடி பொறந்த கொழந்தைங்க தங்கலை, அதனால வெச்ச பேரு. எமன் வந்து பேரைக் கேட்டுட்டு, சீ இதுவான்னு போயிடுவான்னு ஒரு கணக்கு. கணக்கு பலிச்சிடுச்சு. என்னா ஆச்சுன்னா, கஸ்டமரும் அதே மாதிரி பேரைக் கேட்டுட்டுப் போயிடறான். நீங்க ஒருத்தர்தான் போர்டைப் படிச்சிட்டும் பென்ஸை உள்ள விட்டவர். நீங்க போர்டைப் படிக்கலையா? பரவால்லைங்க. விட்டீங்க இல்ல.

வண்டி வந்தப்போ இருந்த இருப்பு ஞாபகம் இருக்குதா? உங்க டிரைவர் இருசப்பனை நான் கொறை சொல்லலை. நல்ல மனுசன், பக்தியுள்ளவர். ஆயுத பூஜைக்கு அண்டா வெளக்கறமாதிரி தேங்காநாரு போட்டு வெளக்கியிருக்கார். அப்பறம் பானெட்டுல அஞ்சு எடத்துல சந்தனத்தை அப்பி, அதுக்கு மேல குங்குமம் வெச்சி, நடுவுல தட்டு இல்லாமலே சூடம் ஏத்தியிருக்கார். சாமிக்கு வெச்சதைத் துடைக்கக் கூடாதுன்னு அப்படியே வெயில்ல விட்டுட்டார். சந்தனம் பெயிண்டைக் கடிச்சி அஞ்சு பள்ளம். சூடம் எரிஞ்ச எடம் தேமல் மாதிரி வெளுத்துப் போச்சு. நான் வண்டியைச் சுத்திப் பாத்துட்டு, இதை யாரோ ரொம்ப நல்லவங்க கெடுத்திருக்காங்கன்னு ரேணுகாகிட்ட சொன்னேன். கெட்டவன் ஒரு ஆணியால ஒரே கோடு போட்டுட்டுப் போயிடுவான். இம்மாம் வேலை செய்யறதுக்கு அன்பு வேணும்.

கோட்டை எப்படி எடுக்கறோம்னு நெனைக்கிறீங்க? எதையோ பூசி நெரப்பறோம்னுதானே? அல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, நானும் ஷார்ஜா போறவரைக்கும் அப்படித்தான் நெனைச்சேன். நெரப்பவே முடியாது. பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்குதுங்க, தலைமுடியைவிட மெல்லிசு. கோடு விழறது அதுல. கோட்டைச் சுத்தி இருக்கற மேட்டைத் தேய்ச்சித் தேய்ச்சி பள்ளத்துக்கு சமமா எறக்கணும். மொதல்ல கழுவணும், அப்பறம் களிமண்ணு மாதிரி ஒரு கட்டி, ஷார்ஜா சரக்கு, அதை சோப்புத் தண்ணியில வழுக்கி விட்டு ஒட்டின அழுக்கை எடுக்கணும். அப்பறம் தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புக் காகிதம், அப்பறம் கம்பளி மாட்டின பஃப் மிஷின், கடைசியில பனியன் துணி, வெறும் கை. ஒரு தேய் ஜாஸ்தியாப் போனா பூச்சு ஓட்டையாயிடும், அப்பறம் ஆண்டவனாலயும் முடியாது. அந்த வேலை செய்யறப்போ எனக்கு ஒரு குஷி வரும் பாருங்க. ஓரமா ஒரு சாண் அளவுக்கு வலை மறைஞ்சி, உள்ளேருந்து திடீர்னு என் மூஞ்சி எட்டிப் பாக்கும். சில நாள் பயந்துடுவேன்.

அதனாலதாங்க இங்க ஒரு சட்டம். வண்டிகிட்ட யார் வந்தாலும் மோதிரம், வாட்ச்சு, பெல்ட்டு, வளையல் எல்லாத்தையும் கழட்டி அந்த எவர்சில்வர் தட்டுல வெச்சிட்டுத்தான் வரணும். பக்கிள் ஒரு தடவை உரசினா எனக்கு அரை நாள் வேலை. நீங்களும் கழட்டி வெச்சிடுங்களேன். மோதிரம் எறங்காதா? சரி, கையைப் பின்னால கட்டிக்குங்க.

விஷயத்துக்கு வர்றேன். செவ்வாக்கிழமை வேலை முடிஞ்சிது. உள்ள டியூப் லைட்டு வெளிச்சத்துல எல்லாக் கோடும் ஒளிஞ்சிக்கும், அதனால வெயில்ல தள்ளிப் பாக்கணும். வெளிய வாசல்ல கொண்டாந்து நிறுத்தினேன். நிறுத்திட்டு இந்தப் பக்கம் வந்து குனிஞ்சிப் பாக்கறேன் சார். ஒரு கோடு இல்லை. காரே இல்லை. எதிர்ல இருக்கற மலை மொத்தமா பானெட்டுல படுத்திருக்குது. தலைகீழா, உச்சி என் வயித்தைத் தொடறமாதிரி. பாறை, புதரு, மேகம் ஒண்ணு உச்சியில மாட்டிக்கிட்டு இருக்குது, அது வரைக்கும். நான் இந்த ஊர்ல பொறந்தவன், மலையை நிமிந்து பாத்திருக்கேனே தவிர குனிஞ்சி பாத்ததில்லை.

சரியா அந்த நேரத்துல மாமனார் வர்றார். அக்குள்ல லாட்ஜ் பிளானை சுருட்டி வெச்சிட்டு, குடையை ஊனிக்கிட்டு. முட்டி தேஞ்சி போச்சுங்க அவருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து ஒரு பௌர்ணமி விடாம மலையைச் சுத்தின மனுசன். மூணு வருஷமா முடியலை. கூட்டம் அவர் வீட்டு வாசல் வழியாத்தான் போகும். பௌர்ணமி அன்னிக்கு ஜன்னலையெல்லாம் சாத்திட்டு ரேடியோவை சத்தமா வெச்சிடுவார், காலடிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. அது வேற கதை. அன்னிக்கு வந்தவர், மண்ணாங்கட்டி, இந்த எடத்துலதான்டா ரிசப்ஷன்னு சொல்லிட்டே பானெட்டைப் பாத்தார். வாயைத் தொறந்தவர் மூடலை.

குடையை வெச்சார். செருப்பைக் கழட்டினார். தோள்துண்டை எடுத்து இடுப்புல கட்டினார். காரைச் சுத்த ஆரம்பிச்சிட்டார். நான் கூட வேலையை செக் பண்றாருன்னு நெனைச்சி ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுட்டேன். அப்பறம் பாத்தா உதடு முணுமுணுக்குது. மாமா, இது பென்ஸ் காருன்னேன். எனக்குத் தெரியாதா, சுத்தறப்ப பேச்சு குடுக்காதன்னார். முடிச்சிட்டு வந்து மூச்சு வாங்க, ஏன்டா, பிள்ளையார் அப்பா அம்மாவைச் சுத்திட்டு உலகத்தைச் சுத்தினதா மாம்பழம் வாங்கலையான்னு கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்குதே. மாமா, பிள்ளையார் நெஜ அப்பா அம்மாவைச் சுத்தினார், கண்ணாடியில தெரிஞ்ச அப்பா அம்மாவை இல்லைன்னேன். அதுவுமில்லாம பாதி சுத்துக்குத்தான் மலை தெரியும், அந்தப் பக்கம் போனா அப்பாசாமி கடை போர்டுதான் தெரியும், அப்ப பாதி புண்ணியம் அண்ணாமலையாருக்கு, பாதி டீக்கடைக்குன்னேன். அவர் துண்டால மூஞ்சைத் துடைச்சிட்டு சொன்னார், நெஜ ரோட்டுல மட்டும் என்னாவாம், வழி முழுக்க டீக்கடைதானே.

நான் போயி அப்பாசாமி கடையிலேருந்து அவருக்கு ஒரு டீ வாங்கியாந்தேன்.

அதுக்கப்பறம் அவர் லாட்ஜைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. பிளானை இங்கயே மறந்துட்டுப் போயிட்டார். ரேணுகாவும் நானும் பயத்துல சிரிக்கறோம், சிரிச்சிட்டு பயப்படறோம். ஷெட்டு தப்பிச்சிடுமோன்னு மொத மொத ஒரு ஆசை.

புதன்கெழமை காலையில கதவைத் தொறக்கறேன், பூக்கார காசியம்மாள் வாசல்ல நிக்கறாங்க. அவங்களுக்கும் முட்டி. மாமனார் போற வழியில சொல்லியிருக்கார் போல. அவங்க பின்னால இன்னும் நாலு முட்டி. அப்பறம் தெருவுல இருந்த முட்டி அத்தனையும் வந்துடுச்சு. நான் வழக்கம்போல வளையலைக் கழட்டுங்க, தட்டுல வைங்கன்னு கத்தறேன். அவங்க அதை ஒரு நேமம்னு எடுத்துக்கிட்டாங்க. மத்தியானம் வந்த ஒரு அம்மா, வாட்ச்சைக் கழட்டிட்டுத்தான் சுத்தணுமாமே, எங்க மாமியாருக்கு வாட்ச்சே கெடையாது, அவங்க எதைக் கழட்டறதுன்னு கவலையா கேக்கறாங்க. ஆசிரமத்துப் பக்கத்துலேருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் சுத்தலை. பானெட்டுக்கு எதிர்ல கால் மடக்கி உக்காந்துட்டார். ரெண்டு மணி நேரம். நான் தூசி தட்டணும், அவரைச் சுத்திச் சுத்தித் தட்டினேன். எழுந்திருக்கறப்போ என் கையைப் புடிச்சிக்கிட்டு, யார் இதைச் செஞ்சாங்கன்னார். நான்தாங்கன்னேன். இல்ல, மலையைன்னார். அது எனக்கு முன்னாடியேங்கன்னேன்.

இல்ல சார், ஒரு கீறல் இல்லை. என் தலைமேல அடிச்சி சொல்றேன். நேத்து பதினோரு மணி வெயிலுக்கு குனிஞ்சி பாத்துட்டேன். உக்காருங்க, டீ வந்துடுச்சு பாருங்க. நல்லாருக்கா? அப்பாசாமி அண்ணே, நல்லாருக்காம்.

இவர்தான் சார் சண்டையில எதிர்க்கட்சித் தலைவர். சிரிக்கறாரு பாருங்க. என்னா சண்டைன்னு கேளுங்க. அதுக்கும் நான்தான் காரணம். புதன்கெழமை சாயந்திரம் கூட்டம் சுத்திட்டிருக்கறப்போ நான் பாட்டுக்கு ஒரு தகவல் சொன்னேன். கண்ணாடியில எடது வலதாத் தெரியும், வலது எடதாத் தெரியும் இல்லையா? அப்ப காருல தெரியற மலையை வலமா சுத்தினா, உண்மையில அது எடமாத்தானே ஆகும்னு. ஒரு ரசனைக்கு சொன்னதுங்க. காத்துல போற வார்த்தை. மாமனார் காதுல போயி உக்காந்துடுச்சு. அங்கேயே நின்னுட்டார். திரும்பினார். எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிச்சிட்டார்.

அப்பாசாமி அண்ணன் கடையிலேருந்து ஓடி வர்றார். யோவ், மலையை எவனாவது எடமா சுத்துவானா, சுத்தறது காரை, கார் இங்கதான் இருக்குது, நாமளும் இங்கதான் இருக்கறோம், நாம என்னா கண்ணாடிக்குள்ளயா இருக்கறோம்னு. மாமனார் விடலை. நீ காரை சுத்தறியா மலையை சுத்தறியா, மொதல்ல அதைச் சொல்லுன்னார். ஊரு ரெண்டாச்சு. பாதி பேர் வலக் கட்சி, பாதி பேர் எடக் கட்சி. நம்பர் பிளேட்டுகிட்ட ரெண்டு கோஷ்டியும் முட்டிக்கும். முட்டிக்கிட்டு, நீ விலகு, நீ விலகுன்னு, கும்பிட்ட கை கும்பிட்டபடியே. காசியம்மாள் மட்டும் புத்திசாலி. ஒரு சுத்து இப்படி, ஒரு சுத்து அப்படி. எதுக்கு வம்புன்னு.

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன், வியாழக்கிழமை காலை வரைக்கும். அன்னிக்கு மாமனார் வந்தார், கண்ணு செவந்து போயி. ராத்திரி பூரா தூங்கலையாம். மண்ணாங்கட்டி, செவ்வாக்கிழமை நான் சுத்தினது வலமா எடமா, சொல்லுன்னார். மாமா, மனசு சரியா இருந்தா போதும்னேன். அதுக்கு அவர், அந்தக் கதையெல்லாம் வேணாம், மூணு வருஷம் சுத்தாம இருந்ததுகூட பாவம் இல்லை, எடமா சுத்தியிருந்தா பாவம். எனக்கு இருக்கறது இனி எத்தனை பௌர்ணமின்னு தெரியாது. சந்தேகத்தைக் கெளப்பினவன் நீ. நாளைக்கு பௌர்ணமி, முடியறதுக்குள்ள நீயே தீர்த்து வை. நான் ஒரு தடவை சந்தேகமில்லாம சுத்திட்டேன்னா, லாட்ஜும் வேணாம் ஒண்ணும் வேணாம், இந்த ஷெட்டு உன் ஆயுசுக்கும் நிக்கும், நானே ஓடு மாத்தித் தர்றேன். இல்லைன்னா திங்கக்கெழமை ஜேசிபி. சொல்லிட்டு பிளானை ஞாபகமா எடுத்துட்டுப் போயிட்டார்.

இப்ப தெரியுதுங்களா என் நெலமை? பெயிண்டுல கோடு விழுந்தா எடுத்துடுவேன். மாமனார் மனசுல கோடு விழுந்துடுச்சு. அது எந்த கம்பளிக்கும் வராது. வியாழன் பூரா யோசிக்கறேன். கண்ணாடியைக் கண்ணாடியால திருப்பலாமான்னு எதிர்ல ஒரு பீரோவைக்கூட நிறுத்திப் பாத்தேன், பீரோக் கண்ணாடியில கார், காருல பீரோ, எதுல மலைன்னே தெரியலை. ரேணுகா அரிசி களைஞ்சிட்டே சொன்னா, நின்ன வண்டியை மனுசன் சுத்தறதாலதானே இந்த ரோதனை, வண்டியையே மலையைச் சுத்த விட்டா?

அவ்ளோதாங்க. நான் ஏழு வருஷம் வெளிநாட்டுல இருந்து என்னா பிரயோஜனம்? மலை நெஜ மலை, ரோடு நெஜ ரோடு, வலம் நெஜ வலம். சந்தேகத்துக்கு எடமே இல்லை. கார்ல உக்காந்து சுத்தினா கணக்கா, நடந்தாத்தான் கணக்கான்னு ஒரு கேள்வி வரும். அதுக்கும் பதில் வெச்சிருந்தேன். சாமியே வருஷத்துக்கு ரெண்டு தடவை மலையைச் சுத்தறாரே, நடந்தா போறார்? தோள்மேல தூக்கிட்டுத்தானே போறாங்க.

எங்க எழுந்துட்டீங்க? உக்காருங்க சார். டீ ஆறுது.

சரி, நின்னுட்டே கேளுங்க. இன்னிக்குக் காலையில, நல்லா விடியலை, நான் உங்க வண்டியைத் துடைச்சி எடுத்துட்டுப் போக தயாரா வெச்சிருக்கேன். உங்களை ஒரு வார்த்தை கேக்காம சாவியைத் தொடறதில்லைன்னு முடிவு. மாமனார் வந்து அந்த உடைஞ்ச ஸ்டூல்ல உக்காந்துட்டார். நீங்க வந்ததும் கால்ல விழலாமா கையைப் புடிக்கலாமான்னு நானும் ரேணுகாவும் பேசிட்டிருக்கறப்போ, வெளிச்சம் நல்லா வந்தப்பறம், ஆட்டோ ஒண்ணு வந்து நிக்குது. எறங்கறது உங்க வீட்டம்மா.

ஆமாங்க, கோயிலுக்கு பத்திரிகை வைக்கத்தான் வந்தாங்க. வெச்சிட்டு வர்ற வழியில, காரு எப்படி வந்திருக்குன்னு ஒரு கண்ணு பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்களாம். வந்து பானெட்டைப் பாத்தாங்க. மலை. அவங்களும் வாயைத் தொறந்தவங்க மூடலை. மாமனார் எழுந்து தன் முட்டிக் கதையைச் சொன்னார். அம்மா தன் கால் வீக்கத்தைச் சொன்னாங்க. பொண்ணு கல்யாணத்துக்குள்ள மலையைச் சுத்தறதா வேண்டிக்கிட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியாதா? சொன்னா நீங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு சொல்லலையாம். ரெண்டு பேரும் பேசின பேச்சுல என்னை யாரும் கேக்கவே இல்லைங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீ சாவியைக் குடுன்னாங்க.

ரேணுகாதான் ஓட்டறா. நல்லா ஓட்டுவா. அம்மா முன்னால, மாமனார் பின்னால, பக்கத்துல காசியம்மாள், அவங்க மடியில ஒரு கூடை பூ. திருப்பத்துல போலீஸ்காரர் மறிச்சிட்டார். பௌர்ணமிக்கு வண்டி விடமாட்டோம், தெரியாதான்னு. மாமனார் கண்ணாடியை எறக்கி, இஞ்சினு ஓடினாத்தானேப்பா வண்டி, நிறுத்திட்டா என்னான்னு கேட்டிருக்கார். அந்தப் போலீஸ்காரர் யோசிச்சிப் பாத்திருக்கார். அதுக்குள்ள நடந்து வந்த கூட்டம் கறுப்புல மலை தெரியறதைப் பாத்துட்டுது. ஒருத்தர் தாம்புக்கயிறு கொண்டாந்தார். முன்னாடி இழுக்கற கொக்கி இருக்குதுங்களே, அதுல கட்டி இழுக்க ஆரம்பிச்சிட்டாங்க. காலேஜ் பசங்க, செங்கம் பக்கத்து விவசாயிங்க, அந்த வெள்ளைக்காரரும் கயித்துல இருக்காராம். கொக்கிகிட்ட பெயிண்டுல உரசாம நானே போயி பனியன் துணி சுத்தி விட்டுட்டு வந்தேன். அதுல கவலையே வேணாம்.

அப்பாசாமி அண்ணன் மத்தியானம் மலைக்குப் பின்னால அடி அண்ணாமலை வரைக்கும் போயி பாத்துட்டு வந்தார். வழியில வீட்டுக்கு வீடு தண்ணி ஊத்தி கோலம் போடறாங்களாம். கொழந்தைங்களைத் தூக்கி பானெட்டைத் தொட்டு கண்ணுல ஒத்திக்க வைக்கறாங்களாம். அம்மா உள்ளேருந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டே வர்றாங்களாம், நிறுத்த முடியலையாம். மாமனார் ஓரமா உக்காந்து, கண்ணாடி வழியா மலை வலது கைப்பக்கமே இருக்குதான்னு பாத்துட்டே வர்றார். லாட்ஜ் பார்ட்டி எதிர்ல வந்தாங்களாம். பிளானை ஜன்னல் வழியாவே திருப்பிக் குடுத்துட்டாராம். இந்நேரம் பாதிக்கு மேல சுத்தி குபேர லிங்கம் தாண்டியிருப்பாங்க. இழுக்கறவங்க எடம் மாத்தி மாத்தி இழுக்கறதால கொஞ்சம் லேட்டு.

காலையில நான் கொக்கிக்கு துணி சுத்தப் போனப்ப அம்மா ஒரு சேதி சொல்லி அனுப்பினாங்க. தேரா இழுத்த வண்டியில நாளைக்கு மாப்பிள்ளையை உக்கார வெச்சி பட்டாசு வெடிச்சா நல்லாருக்காதாம். சம்பந்திகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லணுமாம். அதுக்கு மாத்து ஏற்பாடும் அவங்களே பண்ணிட்டாங்க.

இப்ப எடுக்கலாம் சார், துணியை. காஞ்சிருக்கும். மெதுவா, முன்னாடிலேருந்து.

அம்பாசிடர்தாங்க. மாமனாரோடது. காலையிலேருந்து இதுக்குத்தான் பாலீஷ் போட்டுட்டிருக்கேன். பின் கதவு ரெண்டும் உள்ளேருந்து தொறக்காது, வெளியேருந்து ஒருத்தர் தொறந்து விடணும். மாப்பிள்ளை வீட்டுல மட்டும் சொல்லி வெச்சிடுங்க.